படையல் சோறு

எழிலரசி, சிதம்பரத்துப் பாஸ்டர் தேவசகாயத்தைக் கட்டிக்கொண்டு கிறிஸ்தவளானவள். பொட்டு வைக்கலாமா, பக்கத்து வீட்டுத் தீபாவளிப் பலகாரத்தை வாங்கலாமா, படைத்த சோற்றைத் தின்னலாமா என்று சபைப் பெண்கள் அவளிடம்தான் வந்து கேட்பார்கள். வசனத்தோடு பதில் சொல்வாள். தயங்கியதில்லை.

அப்பா சுப்புராயனின் கருமாதிக்குக் காட்டுமன்னார்கோயில் போனாள். பாஸ்டருக்குக் கடலூரில் கூட்டம். ஆனால் சபைப் பெண்கள் வேன் பிடித்துத் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள்.

அப்பா படத்துக்குப் படையல் போட்டுச் சூடம் காட்டினார்கள். எழிலரசி கும்பிடாமல் சுவரோரம் கண்ணை மூடி நின்றாள். அண்ணன் கொளஞ்சி கண்டுகொள்ளவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

அம்மா பட்டம்மாள் படையல் இலையிலிருந்து சோற்றைக் குழம்போடு பிசைந்து கையில் ஏந்திக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள்.

"ஒரு வாய் வாங்கிக்க. நீ தின்னாதான் நான் தின்னுவேன்."

"அப்பா போனதுலேருந்து அம்மா சரியா சாப்பிடலை" என்றான் கொளஞ்சி. "நாங்க சொல்லி அலுத்துட்டோம்."

சபைப் பெண்களில் ஒருத்தியான ஞானசௌந்தரி எழிலரசியின் காதருகே குனிந்தாள். "அக்கா, அது படைச்சது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். முன்னால் வைப்பதை விசாரிக்காமல் சாப்பிடலாம், படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் சொன்னவருக்காகச் சாப்பிடக்கூடாது என்பது பைபிள் வசனம். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே எழிலரசிதான். இருந்த ஒரு வழியும் அடைபட்டது.

"வயிறு சரியில்லம்மா."

அம்மா கையை இறக்கவில்லை. அது வளையல் கழற்றிய கை. குழம்பு மணிக்கட்டில் வழிந்தது. வாசலை அடைத்துக்கொண்டு சபைப் பெண்கள் நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் சுவர்.

எழிலரசி வாயைத் திறந்தாள்.

படையலுக்கு ருசி பார்க்காமல் சமைப்பார்கள். உப்பு குறைவாக இருந்தது. அம்மா அங்கேயே உட்கார்ந்து, கையில் மிச்சமிருந்ததை அள்ளி அள்ளித் தின்றாள்.

திரும்பும்போது வேனில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. செல்போன் அடித்தது. பாஸ்டர்.

"சாப்பிட்டியாமே?"

"ஆமாங்க."

"சபையில கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"தெரியலைங்க."

"கொஞ்ச நாளைக்கு நீ கூட்டத்துல பேச வேணாம். நான் பாத்துக்கறேன்."

"சரிங்க."

போனை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். ஆண்டவரே, மன்னியும் என்று ஆரம்பித்தாள். அம்மா தின்றது கண்ணுக்குள் வந்தது. எதை மன்னிக்கச் சொல்வது என்று தெரியவில்லை. சிதம்பரம் வரும்வரை அந்த ஜெபத்தை அவளால் முடிக்க முடியவில்லை.