பதினேழாம் தொகுப்பில் பிழை பூஜ்யம்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. யார்மேல் கோபம் என்பதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். துணிச்சல் வராமல் தொடக்கத்தை மட்டும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தேன்.

"குன்சான் துறைமுகத்தில் மூடுபனி இறங்கிய ஒரு காலையில்—"

சீ. மூடுபனிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"குவாக் மி-ரான் என்ற இளம் பொறியாளரின் கண்களில்—"

பொய். மி-ரானுக்கு நாற்பத்தாறு வயது, முழங்கால் வலி. எங்கள் நினைவகச் சில்லு ஆலையின் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள்.

2.

ஒன்றை விளக்கியாக வேண்டும், சலித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் சில்லில் நூற்றிருபத்தெட்டு பிட்டுகள் கொண்ட ஒவ்வொரு வரிசைக்கும் எட்டுக் காவல் பிட்டுகள் உண்டு. ஒரு பிட் பிறழ்ந்தால் எது என்று கண்டுபிடித்துத் திருத்திவிடும். வெளியே மூச்சு வராது. இரண்டு பிறழ்ந்தால்தான் வினை. காவல் குழம்பி, ஒரு பாவமும் அறியாத மூன்றாவது பிட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு, திருத்தியாயிற்று என்று சொல்லக்கூடும்.

மி-ரானுக்கு ஒரு பழக்கம். முதலில் திருத்தத்தை அணைத்துவிட்டுப் பிழைகளை எண்ணுவாள். பதினேழாம் சில்லுத் தொகுப்பை அப்படி எண்ணியபோது, சில்லுக்கு நாலாயிரத்துச் சொச்சம் வரிசைகளில் ஏற்கெனவே ஒரு பிட் பழுது. காவல் ஆலை வாசலைத் தாண்டுமுன்பே செலவாகிவிட்டது. அந்த வரிசைகளில் இன்னொரு பிட் போனால் போச்சு. வாங்குகிறவரோ மருத்துவமனைகளுக்கு, நோயாளி உடலில் மருந்து ஏற்றும் பம்பு செய்கிறவர்.

3.

துறைத் தலைவர் நாம்குங், சாப்பாட்டுக்கூடத்தில் அவள் எதிரே வந்து உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த பொரித்த மீன் துண்டை அவள் சோற்றின்மேல் வைத்தார்.

[முதல் வரைவில் அவருக்குக் குரூரமான முகம் கொடுத்திருந்தேன். நல்ல முகம்தான் மனிதருக்கு.]

"ஏம்மா குவாக், திருத்தத்தைப் போட்டுட்டு எண்ணினா எத்தனை வருது?"

"பூஜ்யம் சார்."

"அப்போ பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நான் என்ன பொய்யா எழுதச் சொல்றேன்?"

மி-ரான் மீன் துண்டை எடுத்து அவர் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

"அந்தப் பம்பை உங்க அம்மாவுக்கு மாட்டியிருந்தா எப்படி எண்ணுவீங்க சார்?"

எங்களிடம் ஒப்புதல் கீழிருந்து மேலே ஏறும். அடிப்படியில் இருப்பவள் கையெழுத்துப் போடாமல் தலைவர் பேனாவைத் திறக்க முடியாது. பம்பு நாளை யாரையாவது கொன்றால் தாளில் முதல் பெயர் அவளுடையது. அதை மரியாதை என்று வேறு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

4.

முடிவு அ: வாங்குகிறவருக்கு அவள் எழுதுகிறாள், தொகுப்பு திரும்புகிறது, நாம்குங் தலைகுனிகிறார். படிக்க நன்றாக இருக்கும். நடக்கவில்லை.

முடிவு ஆ: அவள் அழுதுகொண்டே போடுகிறாள். இதை எழுதிய கையை உடைக்க வேண்டும். அவள் போடவில்லை.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை அவளுக்குக் கட்டாய விடுப்பு கொடுத்தார்கள். விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாகப் பக்கத்து நாற்காலிக்காரர் கையெழுத்துப் போடலாம் என்று விதி இருக்கிறது.

பக்கத்து நாற்காலி—

5.

என்னுடையது.

அன்று மாலை நான்தான் அவளைப் போனில் கூப்பிட்டேன். "அக்கா, மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பித்தேன். அவள் திட்டவில்லை.

"நீ எண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன்கா."

"திருத்தத்தைப் போட்டா, அணைச்சா?"

"அணைச்சுட்டுத்தான்."

"அப்போ தெரிஞ்சே போட்டிருக்கே," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் கோப்பில் ஒரு வரி ஏறியது: சோதனை முறை தவறு, திருத்தப்பட்டது. அவளைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். தலைவர் தப்பு, நான் தப்பு, திருத்தப்பட்டது அவள்.

6.

இன்று சனி. திங்களன்று கப்பல். அவள் எண்ணி எழுதிய தாள் என் இழுப்பறையில் இருக்கிறது, வாங்குகிறவரின் முகவரியும் எனக்குத் தெரியும்.

"வாசகரே, முடிவை உங்களிடமே விடுகிறேன்" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அதுவும் பக்கத்து நாற்காலிக்காரரைக் கையெழுத்துப் போடச் சொல்வதுதான்.