பெட் தேய்ந்த லேத்

...இந்த டெனிஸுக்கு எதற்குச் சொந்தமாக ஒரு லேத், பித்தளைத் திருகு ஒன்று கடைய வேண்டுமென்றாலும் வில்ஃபின் கொட்டகையிலிருக்கும் லேத்துக்குத்தானே வருவான், எத்தனை வருடமாக, தேநீர்க் கோப்பையோடு ஓரமாக நின்று, "உன் கை யாருக்குடா வரும்" என்பான், அதைக் கேட்கத்தானே வில்ஃபும் சனிக்கிழமைகளில் கதவைத் திறந்தே வைத்திருந்தான்... இப்போது வாங்கப் போகிறானாம், பார்த்துச் சொல்ல வில்ஃபே கூட வர வேண்டுமாம். வந்தாயிற்று. ஹாலிஃபாக்ஸ் ஊர் மேட்டில், மழை சொட்டும் கராஜுக்குள், லேத்தை விற்கும் திருமதி ஹால்ராய்ட் பழைய போர்வையை விலக்கியதும் வில்ஃபுக்கு வயிறு எரிந்தது. நாற்பது வருடத்து இயந்திரம், ஒரு பொட்டுத் துரு இல்லை. பொருளைப் பிடித்துச் சுழலும் 'சக்' தலையைக் கையால் சுற்றினான், சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது, அவனுடையது கரகரவென்று நாலு சுற்றில் நின்றுவிடும். ஏதாவது இருக்கும், இல்லாமல் போகாது... குனிந்தான், டார்ச் அடித்தான், பெட், அதாவது கடையும் உளி நகர்ந்தோடும் அந்த அடித்தளம், எப்போதும் முதலில் தேயும் இடத்தில், சக்குக்கு அருகில், நகத்தை வைத்து இழுத்தான். தேய்ந்த பள்ளம் ஒன்றும் தட்டவில்லை. இது டெனிஸ் வீட்டுக்குப் போனால் தெருவே அங்கேதான் போய் நிற்கும், நானும் போய் நிற்பேனோ, கோப்பையோடு, ஓரமாக?

"என்னடா சொல்ற?" என்றான் டெனிஸ்.

"பெட் தேஞ்சு போச்சு." தன் வாயால் வேறு யாரோ சொன்னது போலிருந்தது வில்ஃபுக்கு. "இதுல நேரா ஒண்ணும் கடைய முடியாது. வேற பாரு."

திருமதி ஹால்ராய்ட் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "தேஞ்சுதுன்னு அவர் ஒருநாள் கூடச் சொன்னதில்லையே... வாராவாரம் எண்ணெய் போடுவாரே." இறந்துபோன கணவனைப் பற்றி யாரோ தப்பாகப் பேசியதைக் கேட்ட முகம் அது. வில்ஃப் டார்ச்சை அணைத்தான். சொல்லிவிடலாம், சரியாகப் பார்க்கவில்லை, வெளிச்சம் போதவில்லை என்று... அதற்குள் அவளே, "அப்படின்னா பாதி விலைக்கு எடுத்துக்கறீங்களா? எனக்கு இடம் காலியானாப் போதும்," என்றாள். டெனிஸ் கொஞ்சம் தயங்குவது போல் நின்றுவிட்டுப் பணத்தை எடுத்தான்.

மூவரும் சேர்ந்துதான் டெனிஸின் வேனில் ஏற்றினார்கள், அவள் ஒரு பக்கம் பலகையைப் பிடித்துக்கொண்டாள், கையுறை வேண்டுமா என்று வேறு கேட்டாள். வேன் இறக்கத்தில் திரும்பியதும் டெனிஸ் ஸ்டியரிங்கைத் தட்டித்தட்டிச் சிரித்தான். "என்னா நடிப்புடா! நான்கூட ஒரு நிமிஷம் நம்பிட்டேன். போன வாரமே வந்து பாத்துட்டேன், பெட் கண்ணாடி மாதிரி இருக்கு. பாதி விலை! நீ மனுஷனே இல்லடா, தெய்வம்!"

வில்ஃபும் சிரித்தான், வேறென்ன செய்வது, நடிக்கவில்லை, வயிற்றெரிச்சலில் சொன்னேன் என்றா சொல்வது... சரி, திரும்பிப் போய் அந்த அம்மாளிடம் மிச்சப் பணத்தைக் கொடுப்போம் என்றாவது சொல்லலாம், அடுத்த திருப்பத்துக்குள் சொன்னால்கூட நேரமிருக்கிறது, திருப்பம் வந்தது, போயிற்று. பின்னால் கயிற்றில் கட்டிய இரும்பு ஒரு முறை முனகியது. போன வாரமே பார்த்துவிட்டானாம்... தேய்மானம் பார்க்கத் தெரிந்தவனுக்கு, ஏற்கெனவே பார்த்தும் விட்டவனுக்கு, பார்த்துச் சொல்ல இன்னொருவன் எதற்கு? வில்ஃப் மெல்லத் தலையைத் திருப்பி, சீட்டியடித்துக்கொண்டே ஓட்டும் அந்த முகத்தைப் பார்த்தான். இந்த லேத்தைக் கண்டால் நான் என்ன சொல்வேன் என்று இவனுக்கு முன்பே தெரியுமா?