பக்கமொட்டு

"எத்தன?" என்று கட்டிலில் கிடந்தபடியே ஆபேல் கேட்டார்.

நேசம்மாள் ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்து மூன்றாவது தடவையாகப் பூக்களை எண்ணினாள். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. "நாப்பத்தி மூணு. நேத்தும் நாப்பத்தி மூணு. ராத்திரியோட ராத்திரியா குட்டி போட அதென்ன ஆடா?"

"பக்கமொட்டெல்லாம் கிள்ளியாச்சா?"

"கிள்ளியாச்சு, கிள்ளியாச்சு."

பச்சைப் பொய். உச்சிப் பூ பெரிதாக வேண்டுமானால் கீழே அரும்பும் சின்ன மொட்டுகளை அப்போதைக்கப்போது கிள்ளிவிட வேண்டும் என்பது அவர் சட்டம். மூன்று வாரமாக அவருக்குக் கஷாயம் வைக்கவும் முதுகைத் தடவிவிடவுமே அவளுக்குப் பொழுது போதவில்லை. இதில் பூச்செடிக்கு யார் சிங்காரம் செய்வது?

ஆபேல் மாட்டுவண்டிக்காரர். பதினோரு வருஷத்துக்கு முன் மிஷன் வெள்ளைக்கார மதாம்மை ஒருத்தியின் பெட்டிகளைக் குழித்துறையிலிருந்து ஏற்றி வந்தபோது, அவள் கூலியோடு ஒரு விதைப் பொட்டலமும் கொடுத்தாள். சைனா ஆஸ்டராம். ஊருக்கு அது மதாம்மைப் பூ. ஊதாவும் வெள்ளையும் ரோஸுமாக அடுக்கடுக்காகப் பூக்கும். மணம் மருந்துக்கும் கிடையாது. முழங்கை நீளக் காம்போடு வெட்டிக் கோயில் மேசையில் குப்பியில் வைத்தால் ஒரு வாரத்துக்கு வாடாது. அதற்காகவே வளர்த்தார். ஒரு தடவை நின்ற மண்ணில் மறுதடவை நட்டால் செடி செத்துப்போகுமாம். ஆகவே வருஷத்துக்கொரு பாத்தியாக நேசம்மாளின் கத்திரி, கீரை, வெண்டை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, இந்த வருஷம் மிளகாய்ப் பாத்தியில் வந்து நின்றது. அவளுக்கென்று மிச்சம் அவரைப் பாத்தி ஒன்றுதான்.

இந்தத் தடவை அவருக்கு ஒரே பிடிவாதம். மகள் பூங்கனி இந்தப் பூக்களைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குள் நுழைய வேண்டும். மாப்பிள்ளை குமாரதாசுக்குக் கொழும்பில் கடை வேலை, லீவில் வந்திருக்கிறான். அடுத்த வாரம் புதன்கிழமை கல்யாணம், சனிக்கிழமை தூத்துக்குடியில் கப்பல். தவறினால் அவன் திரும்பி வர இரண்டு வருஷம்.

"அண்ணே," என்றார் ஆபேல், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஞானதாசனிடம். "நான் போனாலும் கல்யாணத்த மாத்தப்பிடாது. இது ஒருக்கா பூத்தா பூத்ததுதான். காத்து நிக்காது."

ஞானதாசன் சபை மூப்பர். சாவுக்கும் கல்யாணத்துக்கும் நடுவே மூன்று மாசமாவது வேண்டும் என்கிற கட்சி. ஆனால் சாகக் கிடக்கிற தம்பியோடு மல்லுக்கு நிற்க முடியுமா? "பூ நிக்குத வரைக்கும் மாத்த மாட்டேன். போருமா?" என்றார்.

ஆபேல் மனைவி பக்கம் திரும்பினார். "எனக்க பெட்டியில ஒண்ணுகூட வைக்கப்பிடாது கேட்டியா? எல்லாம் பிள்ளைக்கு. நூலு கெட்டின செடி மட்டும் வித்துக்கு."

"கல்யாணம் கழியட்டும். அந்தப் பாத்தியக் கொத்திப் பழையபடி மொளவு நடல்லன்னா பாருங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கஞ்சியை இறக்கிவிட்டு அவள் வந்தபோது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். மூச்சில்லை. கஞ்சி ஆறி ஆடை படியும்வரை அவள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் சவப்பெட்டி வந்தது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த நேசம்மாள், பக்கத்து வீட்டு ராஜமணி ஓலைக் கடவத்தோடு வாசலில் நிற்பதைக் கண்டாள். கடவம் நிறைய ஊதா, வெள்ளை, ரோஸ். எல்லாம் வெறும் தலைகள். மாலைக்குப் பிச்சி பறித்துப் பழகிய கை, ஒவ்வொன்றாகக் கிள்ளியிருந்தது.

"அண்ணன் ஆசையா வளத்த பூவில்லியா மைனி?" ராஜமணி மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணு விடாமப் பறிச்சிட்டோம். பெட்டி நெறையப் போடலாம்."

நேசம்மாளுக்கு அழுகை சட்டென்று நின்றுபோனது. "எட்டி பாவி! காம்பு எங்கட்டி? முழங்கை நீளம் காம்பு வேணும், சாய்ச்சு வெட்டணும், கீழ எல உருவணும், கழுத்து வர வெள்ளத்தில நிறுத்தணும். எத்தன வருசமாச் சொல்லுதேன்!"

பதினோரு வருஷமாக ஆபேல் ஊரெல்லாம் சொல்லிச் சலித்த பேச்சு. அதே வரிசை, அதே கோபம். அவள் வாயிலிருந்து! முதலில் யாரோ களுக்கென்றார்கள். பிறகு அழுத கண்ணோடு பூங்கனி சிரித்தாள். ராஜமணி அழுதுகொண்டே சிரித்தாள். நேசம்மாளுக்கே பொத்துக்கொண்டு வந்தது. போதகர் வேதபுத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார்.

சிரிக்காதவர் ஞானதாசன் ஒருவர்தான். "பூ போச்சு. எனக்க வாக்கும் அதோட தீந்தாச்சு. இனி கல்யாணம் மாப்பிள்ளைக்க அடுத்த லீவில," என்றார். பூங்கனியின் முகம் விழுந்துவிட்டது.

பறித்ததைத் திரும்ப ஒட்டவா முடியும்? பெட்டியிலேயே கொட்டினார்கள். ஒன்றுகூட வேண்டாம் என்ற மனுஷன் கழுத்துவரை பூவில் கிடந்தார். "கெடங்க. உங்க பேச்ச என்னைக்கு ஆரு கேட்டா?" என்று நேசம்மாள் அவர் நெற்றியைத் தடவினாள்.

அடக்கம் முடிந்து வந்ததும் நேராகப் பாத்திக்குப் போனாள். நாற்பத்து மூன்று மொட்டைச் செடிகள். நூல் கட்டிய செடியைக்கூட விட்டுவைக்கவில்லை. பிடுங்கி எறிந்துவிடலாம் என்று ஒன்றைப் பிடித்தாள். இலைக்கடியில் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. பச்சையை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஊதா. அடுத்த கிளையிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். அவள் கிள்ளாமல் விட்ட பக்கமொட்டுகள்! ராஜமணி மட்டும் ஆபேல் சொன்னபடி ஒழுங்காகக் காம்போடு வெட்டியிருந்தால் இவையும் பெட்டியோடு போயிருக்கும்.

"அத்தான்! இஞ்ச வந்து இத எண்ணுங்க."

ஞானதாசன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். எண்பதுவரை எண்ணி நிறுத்தினார். "புதனாழ்ச்சைக்குள்ள விரியுமா?"

"பூ நிக்குத வரைக்கும்னு சொன்னியளே. நிக்குது பாருங்க."

அவர் இன்னொரு மொட்டின் பச்சையை விலக்கிப் பார்த்தார். பிறகு, "பின்ன எதுக்கு வாயப் பாத்திட்டு நிக்குத? வெள்ளம் கோரு," என்று வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

விரிந்தன. சின்னப் பூக்கள்தான், காம்பும் ஒரு சாணுக்கு மேல் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் நேசம்மாள் கத்தியைத் தீட்டி, சாய்த்து வெட்டி, கீழிலை உருவி, கழுத்துவரை தண்ணீரில் நிறுத்தினாள்.

"எம்மா, அந்தக் கடைசிச் செடியில நல்லதா ரெண்டு நிக்கே," என்றாள் பூங்கனி.

"அது நிக்கட்டும் மக்கா."

கொடியில் கிடந்த ஆபேலின் பழைய துவர்த்துத் துண்டின் கரையிலிருந்து ஒரு நூலை உருவி அந்தச் செடியில் கட்டினாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷத்துக்கென்று, மிச்சமிருந்த தன் அவரைப் பாத்தியைக் கொத்தப் போனாள்.