அப்பாவின் நேரடி ஒலிபரப்பு

வானொலி நிலையத்தின் பழைய டேப்புகள் மாடிப்படிக்கு அடியில் உடைந்த நாற்காலிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. பொன்விழா என்று ஒன்று வந்தால்தான் நிலையத்துக்குத் தன் பழைய குரல்கள்மேல் பாசம் பொங்கும். இந்த வருஷம் பொங்கியது. டேப்புகளைத் தூசி தட்டி, ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை மகள் தலையில் விழுந்தது. ஒலிப்பதிவுப் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும், அங்கே அவளுக்குப் பெயர் 'வெண்கலத்தார் மகள்'தான்.

வெண்கலத்தார் அவளுடைய அப்பா. அந்தக் காலத்து அறிவிப்பாளர், கணீரென்ற வெண்கலக் குரல். மனைவி ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிய மாலையிலும் மைக்கை விட்டு எழுந்திருக்காத மனுஷன் என்று, புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவர் கதையைச் சொல்லித்தான் வயிற்றைக் கலக்குவார்கள்.

இந்தக் கதையைக் கேட்டாலே சித்திக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று அக்காவின் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், புருஷன் கையெழுத்துப் போட வேண்டும் என்று டாக்டர் ஒற்றைக்காலில் நின்றார். கல்யாணமாகாத சின்னப் பெண், உன் கையெழுத்து செல்லாது என்று சித்தியை ஒதுக்கிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே நிலையத்துக்குப் போன் போட்டாள். "ஸ்டுடியோ விளக்கு எரியுது, இப்போ யாரும் உள்ள போக முடியாதும்மா" என்று பதில் வந்தது. நிகழ்ச்சி முடிந்து அப்பா ஓடி வந்தபோது கையெழுத்துக்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

"எனக்கு அக்கா போனா, உங்கப்பாவுக்குப் பேர் வந்துச்சு" என்பாள் சித்தி. மகள் சண்டைக்குக் கச்சை கட்டுவாள். நேரடி ஒலிபரப்பு, மாற்று ஆள் கிடையாது, எழுந்து போனால் வானொலியே ஊமையாகிவிடும், அப்பா என்னதான் செய்வார்? பேச்சு முற்றி, சித்தி வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அந்த மாலையின் டேப் மட்டும் கிடைத்தால் பொன்விழாவில் சித்தியை முன்வரிசையில் உட்கார வைத்துப் போட்டுக்காட்ட வேண்டும், மனசுக்குள் அழுதுகொண்டே கடமையைச் செய்த மனுஷனின் குரலை அவளும் கேட்கட்டும் என்பதுதான் மகளின் ஆசை.

கிடைத்தது. 'சிறுவர் நேரம்' என்று எழுதிய பெட்டிக்குள் இருந்தது. பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவார்கள், பெட்டியில் எழுதியதை மட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள். அம்மா செத்துப்போன தேதியை அப்பா சொல்லக் கேட்டதும் மகள் ஒலியைக் கூட்டினாள்.

"நேயர்களே, உங்களோடு நேரடியாக இணைந்திருக்கிறோம். இப்போது நேரம் மாலை ஏழு மணி." ஓர் இருமல். "சே, தொண்டை கட்டுது. இன்னொரு தடவை எடுத்துக்கலாம்."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரடி ஒலிபரப்பில் ஏது இன்னொரு தடவை?

டேப் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது அப்பாவின் சிநேகிதர் குரல், கட்டுப்பாட்டு அறையிலிருந்து. "அப்படியே எட்டு மணி அறிவிப்பையும் சொல்லி முடிச்சிடுங்கண்ணே. நடுவுல பாட்டைப் போட்டு நேரத்தை நான் சரிக்கட்டிக்கறேன்."

"வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்டா. யார் போன் பண்ணாலும் விளக்கு எரியுதுன்னு சொல்லிடு."

"நான் பாத்துக்கறேன். நீங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, அண்ணி காத்துக்கிட்டிருப்பாங்க."

ஒரு கணம் மகளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை, கிளம்பிவிட்டார்! அடுத்த கணமே கணக்கு உதைத்தது. நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். எட்டு மணிவரை எங்கே இருந்தார்?

பாதி வேலையில் வீட்டுக்கு வந்தாள். அப்பா கூடத்தில் பேப்பரைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். அவள் செல்போனில் எடுத்து வந்த பதிவைப் போட்டாள். தன் இருமலைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இதை அழிக்கச் சொன்னேனே அவன்கிட்ட" என்றார். முதலில் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான். மகளுக்கு மேலே கேட்கவே பயமாக இருந்தது.

"எங்க போனீங்கப்பா?"

"ஆஸ்பத்திரிக்குத்தான்."

"சித்தி உங்களைப் பாக்கவே இல்லையே."

"உள்ள போகலம்மா." அவர் பேப்பரை மடித்தார், மறுபடி பிரித்தார். "வராந்தாவுல ரேடியோவை அலற விட்டிருந்தாங்க. நர்ஸு, வாட்ச்மேன், பேஷன்ட்டுங்க எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க. தினமும் வந்து போறவன், என் முகம் தெரியாதவங்க அங்க யாரு? நேரடியா பேசறேன்னு ரேடியோவுல நானே சொல்லிக்கிட்டிருக்கேன். அப்போ எப்படி எதிர்ல போய் நிக்கிறது? கிளம்பற அவசரத்துல அது தோணவே இல்ல."

ஊருக்கெல்லாம் நேரம் சொன்னவருக்கு இது தோணவில்லையாம்! மகளுக்குச் சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை.

"கையெழுத்துக்காக சித்தி அலைஞ்சிருக்காப்பா. அழுதிருக்கா."

"எனக்கு எப்படித் தெரியும்? காலையில உங்கம்மா நல்லாத்தானே பேசினா. ரெண்டு நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னாங்க."

"எங்க நின்னீங்க?"

"ஜன்னலுக்கு வெளிய. சைக்கிள் நிறுத்துற எடத்துல."

"அங்க நின்னு என்னப்பா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. அந்தக் குரல் மட்டும் இன்னும் அப்படியே, ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது.

"நான் பேசி முடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்."