ஆத்தாவுக்கு வைத்தியம்

ஸ்ரீதேவிக்கு இசக்கியம்மன் வருவதை நிறுத்தும் பொறுப்பை அவள் அம்மா ஆவுடையம்மாள் அத்தை என்னிடம் ஒப்படைத்தாள். தாராவியில் எங்கள் சந்தில் மனோதத்துவம் படிப்பவன் நான் ஒருவன்தான்.

"மாப்பிள வீட்டுக்காரங்க குர்லால கட வச்சிருக்காங்க மக்கா. சாமியாடுத பிள்ள வேண்டாங்காங்க. ஒங்க படிப்புல இதுக்கு மருந்து இருக்குல்லா?"

இருக்கிறது. வாய் சொல்லாத ஆசையை உடம்பு சொல்லும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். எழுதாத ஒன்றும் உண்டு. அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்குக் கொடை, அவிழ்ந்த தலையோடு ஸ்ரீதேவி கூட்டத்தைப் பிளந்து வந்து என் நெற்றியில் திருநீறு பூசுவாள். மற்ற நாட்களில் என்னைக் கண்டால் குழாயடியில் குடத்தைப் பார்ப்பாள்.

மாட்டுங்காவில் ஓர் உளப்பகுப்பாய்வு டாக்டரம்மா இருந்தார். வாராவாரம் நானே பஸ்ஸில் கூட்டிப்போய், கதவுக்கு வெளியே செருப்புகளுக்குக் காவலிருந்தேன். நோயாளி டாக்டர்மேல் ஆசை வைப்பதற்குப் பாடத்தில் ஒரு முழு அத்தியாயம் உண்டு. செருப்புக்குக் காவலிருப்பவன் நோயாளிமேல் வைப்பதற்கு அடிக்குறிப்புகூட இல்லை.

"என்ன கேட்டாவ?" என்றேன் திரும்பும் பஸ்ஸில்.

"ஒண்ணுங் கேக்கல. நாந்தான் பேசணுமாம். கெளம்பும்போது மட்டும், ஒனக்கு என்ன வேணும்னாவ. ஆத்தா வந்தா நம்ம ஆளுங்களும் அதத்தான கேப்பாவ? பஸ் டிக்கெட்டாவது மிச்சமாயிருக்கும்."

"நீ என்ன சொன்ன?"

"அத வெளிய சொல்லக்கூடாது. படிக்கியல்லா, ரூல் தெரியாதா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொடை வந்தது. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் மாப்பிள்ளை வீட்டார். மேளம் இறுகியது. ஸ்ரீதேவி பின்னிய சடையோடு, பஸ்ஸுக்கு நிற்பவளைப்போல் நின்றாள். அத்தை தூரத்திலிருந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வைத்தியம் பலித்துவிட்டது. என் நெற்றி வெறுமனே கிடந்தது.

முதலில் என் இடது முழங்கால் ஆடியது. அடக்கிப் பார்த்தேன். இதற்குப் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. நினைவுக்கு வருவதற்குள் பல் கிட்டிவிட்டது.

"ஏல, முத்துசெல்வத்துக்கு சாமி வந்துட்டு!"

மேளக்காரர் என் பக்கம் திரும்பி அடித்தார். வந்த சாமியிடம் என்ன வேண்டும் என்று கேட்டாக வேண்டும். அது கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். பழகியவள் என்று திருநீற்றுத் தட்டைக் கையில் கொடுத்து ஸ்ரீதேவியை முன்னால் தள்ளினார்கள்.

மேளம் நின்றது. அவள் கட்டைவிரல் என் நெற்றியில் அழுந்தியது.

"யாரு வந்திருக்கது?" என்று ஊர் கேட்க உரக்கக் கேட்டாள். பிறகு எனக்கு மட்டும்: "சொல்லு. என்ன வேணும்?"

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. திருநீறு உதிர்ந்து என் இமையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.