பொட்டு வைத்த பென் டிரைவ்

டோல்கேட் பக்கம் பேனர் கடை வைத்திருக்கும் வரதனின் மகள் ஷாலுவுக்கு ஆயுத பூஜையன்று சாயங்காலம் முதல் பிறந்தநாள். ஊருக்கெல்லாம் பேனர் அடித்தவன் மகளுக்கே பேனர் இல்லையென்றால், எதிரே இன்னொரு பேனர் கடை வைத்திருக்கும் வல்லரசு ஆயுசுக்கும் சிரிப்பான். அன்று காலை பார்த்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

மெக்கானிக் உசேன் வந்தான். "கலீஜா வைரஸ் ஏறிக்கீது மாமு. எல்லாத்தையும் தொடச்சிட்டுப் புதுசா விண்டோஸ் ஏத்தணும்."

"நல்லாத் தொடச்சி வுடு. பூஜ நாளு," என்றாள் வரதனின் மனைவி மங்கம்மா.

விண்டோஸ் இருந்த பென் டிரைவைச் செருகி வேலையை ஓடவிட்டு உசேனும் வரதனும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பியபோது, நல்ல நேரம் போய்விடுமென்று மங்கம்மா பூஜையை முடித்திருந்தாள். மானிட்டருக்கு மாலை, கீபோர்டுக்குச் சந்தனம், செருகியிருந்த பென் டிரைவுக்குக் குங்குமப் பொட்டு. இனி மறுநாள் காலைவரை தொழில் சாமான் எதையும் தொடக்கூடாது.

திரை மறுபடியும் எந்த மொழி வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"இதத்தான காலீல கேட்டுச்சு?" என்றான் வரதன்.

"பென் டிரைவ எடுக்காட்டி மொதல்லேர்ந்தே ஆரம்பிச்சிக்கினு இருக்கும்." உசேன் கையை நீட்டினான்.

"தொட்டே, கைய ஒட்ச்சிடுவேன்," என்றாள் மங்கம்மா.

"இன்னாமே, உசேனுக்கு ஏது ஆயுத பூஜ?" என்றான் வரதன்.

"வருசா வருசம் அவன் ஸ்க்ரூ டிரைவரையும் இங்கதான வெச்சிப் படைக்கிறான்?"

உசேன் மறுக்கவில்லை. "ஒரு வருசம் வெக்காம வுட்டேன் மாமு. ஒரு கஸ்டமர்கூட வர்ல."

வரதன் மானத்தை விழுங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனான். வல்லரசு வாசலில் பொரி தின்றுகொண்டிருந்தான். "பூசணிக்கா ஒட்ச்சாச்சு நைனா. இனிமே மிஷினத் தொட்டா எங்கம்மா என்னிய ஒடைக்கும். நாளைக்கு வா."

திரும்பி வந்த நேரத்தில், மங்கம்மாவின் இடுப்பிலிருந்த ஷாலு சிவப்புப் பொட்டைப் பார்த்துப் பாய்ந்து பென் டிரைவைப் பிடுங்கினாள்.

மங்கம்மா யோசித்தாள். "அவ இன்னா வேலைக்கா போறா? அவளுக்கு ஏது ஆயுதம்? அவ தொட்லாம்."

வரதன் மகளை மடியில் இருத்தி, அவள் விரலைப் பிடித்தே பொத்தானை அழுத்தி மீண்டும் இயக்கினான். புது விண்டோஸ் எழுந்தது. மிச்ச வேலையும், டிசைனும், பிரிண்டும் அதே விரலால்தான். நடுவில் அவள் அழுதபோது உசேன் வாழைப்பழம் ஊட்டினான்.

சாயங்காலம் தெருவில் பேனர் தொங்கியது. ஷாலுவின் படம் பக்கவாட்டில் சாய்ந்து கேக்குக்குள் பாதி புதைந்திருந்தது.

"யாரு டிசைனு?" என்றான் வல்லரசு.

"பாப்பாதான். எல்லாமே அவ கை."

வல்லரசு குழந்தையை நெடுநேரம் பார்த்தான். சிரிக்கவில்லை.

"கேக்கு வெட்னதும் பாப்பாவக் கொஞ்சம் நம்ம கடைக்கு அனுப்பேன். அர்ஜென்ட் ஆர்டர் ஒண்ணு கீது."