கருடனுக்குச் சாளை

இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், ஸ்ரீவராகத்தில் ராமசுப்ரமணிய அய்யர் வீட்டுப் பின்கட்டில், கிணற்றடிக்கும் தொழுவத்துக்கும் நடுவே ஒரு செம்பருந்து வந்து விழுந்தது. தெருவுக்கு அப்போதுதான் மின்சார விளக்கு வந்திருந்தது. புதுக் கம்பியில் அடிபட்டு, ஓட்டுச் சரிவில் உருண்டு, துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. வெள்ளைத் தலை, காவி உடம்பு. ஒரு பக்கத்து இறக்கை மட்டும் கம்பி ஒடிந்த குடை மாதிரித் தொங்கியது.

முதலில் பார்த்தவள் நீலாம்பாள். அய்யரின் ஒரே பெண். பள்ளிக்கூடம் முடிந்து, கல்யாணம் என்று ஒன்று கூடிவரும் வரைக்கும் அம்மாவுக்குக் கையுதவியாக வீட்டோடு இருந்தவள். பழைய சாக்கை மேலே போட்டுப் பறவையை அள்ளி எடுத்தாள். நகம் கீறி மணிக்கட்டில் ரத்தம் வந்தது. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பெரிதுபடுத்தினவர் அய்யர்தான். "கருடனாக்கும்டி இது! பத்மநாப ஸ்வாமி நம்மாத்தைத் தேடி அனுப்பிச்சிருக்கார்!" என்று ஈர வேஷ்டியோடு கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடையாக நடந்தார். கணக்காபீசில் முப்பது வருஷம் அடுத்தவர் எழுதினதைச் சரிபார்த்தே வயசானவர். தன் பேரில் நடந்த ஒரே அதிசயத்தை விடுவாரா? பறவையை ஸ்வாமி உள்ளிலேயே கொண்டுபோய் வைத்தார். அது அடித்த ஒரு அடியில் குத்துவிளக்கு சாய்ந்து எண்ணெய் கொட்டியது. அதற்கப்புறம் தொழுவத்தை ஒட்டியிருந்த விறகுப்புரையே வைகுண்டம் என்று தீர்மானமாயிற்று.

மத்தியானத்துக்குள் தெருவே வந்துவிட்டது. மாமிகள் பால் கொண்டுவந்தார்கள், நெய்யப்பம் கொண்டுவந்தார்கள், கதலிப்பழத்தை உரித்து மூக்கருகே நீட்டினார்கள். மூன்றாம் வீட்டு சேஷி மாமி வெள்ளிக் கிண்ணத்தில் பாயசமே கொண்டுவந்தாள். பருந்து ஒன்றையும் தொடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

இங்கே ஒன்று சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. அந்தத் தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் இந்தப் பறவையைத் தினம் பார்க்கிறவர்கள். காலையில் குளத்துப் படியில் முழுக்குப் போடும்போது அவர்கள் தலைக்கு மேலேதான் அது வட்டமிடும். சட்டென்று இறங்கி, துடிக்கிற மீனைக் காலில் இடுக்கிக்கொண்டு தென்னை மரத்துக்குப் போகும். இவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மீனையும் பார்த்தார்கள், கருடனையும் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை.

மறுநாள் பால் கிண்ணம் காலியாக இருந்தது. "குடிச்சுடுத்து! குடிச்சுடுத்து!" என்று அய்யர் தெருக்கோடி வரைக்கும் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். பால் குடித்தது தொழுவத்துப் பூனை. நீலா தன் கண்ணாலேயே பார்த்தாள். பருந்தின் தலை மெதுவாகத் தொங்கிக்கொண்டு வந்தது. மூடின கண்ணைத் திறக்க அது படாத பாடு பட்டது.

பின்பக்கச் சந்து வழியாகத் தினமும் செல்லபாய் போவாள். நீலாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். மார்த்தாண்டத்துப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். மணக்காட்டில் அத்தை வீட்டில் தங்கி வாத்தியார் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷ சிநேகத்தில் அவள் முன்வாசல் வழியாக வந்ததில்லை. வா என்று யாரும் சொன்னதுமில்லை. இரண்டு பேருக்கும் பின்சுவர் போதுமாக இருந்தது.

நீலா சுவர்மேல் எட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"பாலா? பருந்துக்கா?" என்றாள் செல்லபாய். "உங்க தெருவுக்கே வட்டு பிடிச்சிருக்கா பிள்ளே? இரு, எனக்க சித்தப்பன் மாட்டாசுபத்திரியில கம்பவுண்டராக்கும். கேட்டுட்டு வாறேன்."

சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டே பதில் கொண்டுவந்தாள். "செறகை ஒடம்போட சேத்துத் துணி வச்சுக் கெட்டணுமாம். ரெண்டு நேரமும் பச்சை மீனு குடுக்கணும், முள்ளோட. இல்லேன்னா செத்துப்போவும். எலும்பு கூட ரெண்டு மாசம் ஆவும்னு சொன்னாரு. ஒன்னால ஏலுமா?"

"மீன்?" என்றாள் நீலா.

"மீனுதான். நான் சாளை கொண்டு வாறேன். நறுக்கியே கொண்டு வாறேன். நீ எலையில வச்சிரு, அது தின்னுக்கிடும்."

நீலா பழைய துணியால் இறக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டி, மறுநாள் வந்த சாளையை இலையில் வைத்தாள். அது அப்படித் தின்னவில்லை. இலையில் வைத்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நீலா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை இரண்டு விரலால் எடுத்து அலகுக்கு முன்னால் ஆட்டினாள். துண்டு வழுக்கி விழுந்தது; மறுபடி எடுத்தாள். பருந்து ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது, மறு கண்ணால் மீனைப் பார்த்தது, பிறகு வெடுக்கென்று பிடுங்கி விழுங்கியது. அடுத்த துண்டுக்கு வாயைத் திறந்து காத்திருந்தது. நீலாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் கையோடு அடுக்களைக்குள் போக அவளால் முடியவில்லை. பாவம், தோஷம் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. உடம்பு ஒப்பவில்லை, அவ்வளவுதான். கிணற்றடியில் தலையோடு நாலு தோண்டித் தண்ணீர் கொட்டிக்கொண்ட பிறகுதான் அரிசியைக் களைந்தாள்.

அன்று தொடங்கியது. காலையில் சாளை, காலையில் குளி. சாயங்காலம் சாளை, சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் இன்னொரு குளி. இடுப்புக்குக் கீழே இறங்கின முடி ஒருநாளும் காயவில்லை. கொடியில் போட்ட புடவை ஒருநாளும் காயவில்லை. அரை ஈரத்தை உடுத்திக்கொண்டு, அடுப்பு ஊதி, பாத்திரம் கழுவி, மறுபடி விறகுப்புரைக்குப் போவாள். நடுவே பூனையை விரட்ட வேண்டும். எச்சமும் முள்ளும் அள்ளிச் சந்தில் புதைக்க வேண்டும். மாமிகள் ஏற்றும் சாம்பிராணியும் கர்ப்பூரமும் மீன் வாடையை அமுக்கின. பக்தியால் அந்தப் பறவைக்கு நடந்த ஒரே நன்மை அதுதான்.

"நீலாவைப் பாருங்கோ, கருடனுக்கு சேவை பண்றதுக்கு ரெண்டு வேளையும் ஸ்நானம்!" என்று சேஷி மாமி தன் மருமகளுக்கு உபதேசம் பண்ணினாள். நீலாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. கையில் ஊறல், காலில் சேற்றுப்புண், எந்நேரமும் கண்ணைச் சுற்றும் ஒரு தூக்கம். சில நாள் விறகுப்புரைக் கதவைத் திறக்கும்போது, இது இன்றைக்குச் செத்துக் கிடந்தால்கூடத் தேவலை என்று தோன்றிவிடும். அது கழுத்தை நீட்டி அவள் கையைத் தேடும்போது வெட்கமாக இருக்கும்.

"ஆரும் பாக்கல்லியே, பின்னே எதுக்குப் பிள்ளே கெடந்து குளிக்க? கையை சோப்புப் போட்டுக் களுவினாப் போராதா?" என்று செல்லபாய் ஒருநாள் சண்டை பிடித்தாள்.

"போறாது" என்றாள் நீலா. அதற்கு மேல் விளக்க அவளுக்கு அலுப்பாக இருந்தது.

அம்மா பகவதியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. அதிகம் பேசுகிற மனுஷியல்ல. வீட்டில் பேச்சு என்றால் அது அய்யருடையது. ஒருநாள் மட்டும், "உன் புடவை காயலேன்னா என்னுதை எடுத்து உடுத்திக்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

கர்க்கடகம் என்கிற ஆடி மாசம் பிறக்கும் சமயத்தில் நீலாவுக்குச் சுரம் வந்தது. ஒரு காலையில் எழுந்திருக்கக் கால் ஊன்றினாள், சுவரோடு சரிந்தாள். வைத்தியர் கஷாயம் கொடுத்து, தரையில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிப் போனார். கம்பளிக்குள் கிடந்தபடி அவள் மனசுக்குள் ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது: காலையில் கொடுக்கவில்லை, சாயங்காலம் கொடுக்கவில்லை. செல்லபாய் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பாள். இத்தனை பாடுபட்டு இறக்கை கூடிவரும் நேரத்தில் அது பசியால் சாகப்போகிறது.

"அம்மா, கருடன்..." என்று தொடங்கினாள்.

"அது இருக்கு. நீ பேசாம படுத்துக்கோ" என்றாள் அம்மா.

அய்யர் ஆபீசிலிருந்து வந்ததும் நெற்றியில் விபூதி இட்டுவிட்டு, "நீ ஒண்ணுக்கும் கவலைப்படாதே. வேளாவேளைக்குப் பால் நானே வைக்கிறேன். கிண்ணத்தை நக்கித் துடைச்சு வச்சுடறது!" என்றார். நீலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

சுரத்தோடு சுரமாக ஒரு சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, கிணற்றில் கப்பி கிறீச்சிடும். தோண்டி இறங்கும், ஏறும், தண்ணீர் கொட்டும். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே சத்தம். விளக்கு வைத்த பிறகு பெண்டுகள் தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கூடாது என்று அம்மாவே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அப்பாவோ வெந்நீர்க்காரர். பின்னே இந்த மழையில் யார் குளிப்பது?

சுரம் கொஞ்சம் விட்ட அன்று, அந்தச் சத்தம் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்கட்டுக்கு வந்தாள்.

அம்மா கிணற்றடியில் நின்றிருந்தாள். ஒன்பது கஜமும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நரைத்த முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. துவைகல்லின் மேல் செல்லபாயின் தூக்குப்பாத்திரம், புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தது. விறகுப்புரைக்குள் பருந்து கனத்த வயிற்றோடு, அலகை விறகில் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நீயா?"

"எதுக்குடி எழுந்து வந்தே? தலையில ஒரு துணியைச் சுத்திக்கோ."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பெத்தவளுக்கு மூக்கு இல்லேன்னு நினைச்சுண்டியோ?" அம்மா முடியைப் பிழிந்தாள். "சேஷிக்கு வேணா அது பக்தியா இருக்கும். நீ அடைமழையில ரெண்டு வேளை குளிக்கிற ஜாதியா? அந்தப் பொண்ணு வேற, சுவருக்கு அந்தண்டை பாத்திரத்தை வச்சுண்டு மழையில நின்னுண்டே இருக்கா. நான் எட்டிப் பார்த்தேன். பயந்துண்டே நீட்டினா. வாங்கிண்டேன். வேற என்ன பண்ணச் சொல்றே?"

"கையால தொட்டியா?"

"தொடாம? கையில பிடிச்சாத்தானே அந்த மகாராஜா சாப்பிடறார். முதல் நாள் குமட்டித்து. இப்போ குமட்டல்லே. கால்தான் கடுக்கறது." அம்மா சொன்னதில் கோபமுமில்லை, பெருமையுமில்லை. நாளெல்லாம் நின்ற ஒருத்தியின் அலுப்பு மட்டும்தான் இருந்தது.

நீலாவுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஓரடி எடுத்து வைத்தாள். சுரத்தில் கிடந்து, நாலைந்து நாள் குளிக்காத உடம்பு. தொட்டால் அம்மா மறுபடியும் முதலிலிருந்து குளித்தாக வேண்டும். நீட்டின கையை இழுத்துக்கொண்டாள்.

அம்மா அதைப் பார்த்தாள். தானே கிட்டே வந்து, ஈரக் கையை நீலாவின் நெற்றியில் வைத்துப் பார்த்தாள், கழுத்தில் வைத்துப் பார்த்தாள். "சூடு இல்லே. உள்ளே போ" என்றாள். பிறகு மறுபடியும் தோண்டியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

அதற்கப்புறம் காலை முறை நீலாவுக்கு, சாயங்கால முறை அம்மாவுக்கு. பேசிவைத்துச் செய்ததில்லை. செல்லபாயின் பாத்திரம் வெறுமையாகத் திரும்புவது நின்றுபோயிற்று. அம்மா அதில் இரண்டு நெய்யப்பமோ ஒரு பிடி வறுவலோ போட்டுத்தான் சுவர்மேல் வைப்பாள்.

கர்க்கடகக் கடைசியில், கம்பவுண்டர் சொல்லியனுப்பியபடி இறக்கையின் துணிக்கட்டை அவிழ்த்தார்கள். முதலில் அது விறகடுக்கிலிருந்து தரைக்கு விழுந்தது. பிறகு தரையிலிருந்து துவைகல்லுக்குத் தாவிற்று. சுவர் வரைக்கும் போய்ச் சேரப் பல நாளாயிற்று. மழை வெளுத்த ஒரு காலையில், சுவர்மேல் இருந்து இறக்கையை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, ஓட்டுக்கு மேலே எழும்பித் தென்னைகளைத் தாண்டிப் போய்விட்டது. பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெருவே குளத்தங்கரைக்கு ஓடியது. அங்கேதான் அது வட்டமிட்டுக்கொண்டிருந்தது. எல்லார் கண்ணெதிரேயும் இறங்கி, தண்ணீரைக் கீறி, பளபளவென்று ஒரு மீனோடு மேலே போயிற்று. மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சேஷி மாமிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "எல்லாம் பால் குடிச்ச தெம்பு!" என்று அய்யர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு உரக்கச் சொன்னார். "எங்காத்துப் பசும்பாலாக்கும்!"

பின்சுவருக்கு அந்தப் பக்கம் செல்லபாய் அன்றைய சாளையோடு நின்றிருந்தாள்.

"போயிடுத்து" என்றாள் நீலா.

"போச்சா? சவம், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா" என்று செல்லபாய் சிரித்தாள். உடனே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்பம் இந்தச் சாளை?"

"நீயே வறுத்துத் தின்னு."

அவள் போன பிறகு நீலா துவைகல்லில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. தலைமுடி முதுகில் உலர்ந்து கிடந்தது. அம்மா அடுக்களையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் காலியான விறகுப்புரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் அய்யர் யாருக்கோ பால் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு குளி போறும்டி" என்றாள்.